கடன் கொடுத்த ஊர் எழுதிக்கொள்வது

செயலாளர்,
திறைசேரி,
செயலகக் கட்டடம், கொழும்பு 01.

எமது இலக்கம்: இல்லை.
உமது இலக்கம்: நீங்கள் எங்களுக்கு ஒருநாளும் எழுதாதபடியால் அதுவும் இல்லை.

விடயம்: கடன் கொடுத்தோர் பட்டியலில் மல்லாவியின் பெயர் விடுபட்டமை

ஐயா,

மேற்படி விடயத்தைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

2022 ஏப்ரில் 12 அன்று, வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட வழியில்லை என்று கைவிரித்தீர்கள். ஒரு தவணையும் தவறவிடாத நாடு என்று எழுபது வருடத்துக்கு மேலாக அடித்த தம்பட்டம் அன்றோடு நின்றது. பிறகு நடந்ததுதான் புதினம். கடன் கொடுத்தவர்களுக்கு உபசாரம் தொடங்கியது. சீனாவின் எக்சிம் வங்கிக்கு ஒரு மேசை. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பாரிஸ் கழகத்துக்கும் ஒரு மேசை. பிணைமுறிக்காரருக்கு ஒரு மேசை. அவர்களுக்குப் புத்தி சொல்ல ரொத்சைல்ட், உங்களுக்குப் புத்தி சொல்ல லசார்ட். 2024 டிசம்பரில் 1,255 கோடி டொலர் பிணைமுறிகளுக்குப் பேச்சு முடிந்தபோது, முதலில் 27 வீதத்தைக் கழித்துக்கொள்ள அவர்கள் பெரிய மனதுடன் சம்மதித்தார்கள். நாட்டின் வருமானம் கணித்ததைவிடக் கூடினால் தங்களுக்கு வரவேண்டியதும் கூடவேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் மறக்காமல் எழுதி வாங்கினார்கள்.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினோம். மல்லாவி இல்லை. எழுதுவினைஞர் கைதவறி விட்டிருப்பார் என்றே நினைக்கிறோம். வேண்டுமென்று விட்டீர்கள் என்று நினைக்க நாங்கள் அவ்வளவு கெட்டவர்கள் அல்ல. ஆகவே எமது கடன் விபரத்தை இத்தால் சமர்ப்பிக்கிறோம்.

முதலில் எங்களை அறிமுகம் செய்ய வேண்டும். எங்களிடம் வாங்குகிற கந்தோருக்கு எங்கள் ஊர் நன்றாகத் தெரியும். கொடுக்கிற கந்தோருக்குத்தான் ஒவ்வொரு முறையும் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. ஏ-9 வீதியில் மாங்குளம் சந்தியில் மேற்கே திரும்பி வெள்ளாங்குளம் போகிற றோட்டைப் பிடியுங்கள். துணுக்காய்ப் பிரதேச செயலகப் பிரிவு, முல்லைத்தீவு மாவட்டம். மாவட்டத்தின் பெயருக்கு ஒரு கடல் உண்டு. எங்களுக்கும் அந்தக் கடலுக்கும் இடையில் மாவட்டத்தின் முழு அகலமும் கிடக்கிறது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் வவுனிக்குளம். 1950களில் அந்தக் குளத்தைத் திருத்திக் குடியேற்றியபோது உங்கள் பேரேட்டில் எங்கள் பெயர் செலவுப் பக்கத்தில் ஏறியது. அதற்குப் பிறகு வரவுப் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

முதலாம் கடன்: யானை

வன்னியர்கள் யாழ்ப்பாண அரசனுக்கும், பின்னர் போர்த்துக்கேயருக்கும், அதன்பின் ஒல்லாந்தருக்கும் யானையாகத் திறை கட்டினார்கள். எங்கள் காட்டில் பிடித்த யானையை யாழ்ப்பாணத்தில் வைத்து இந்திய வியாபாரிகளுக்கு விற்று ஒல்லாந்தர் கணக்கு எழுதினார்கள். இனிக் கட்டுவதில்லை என்று சொன்ன பண்டாரவன்னியனை 1803 ஒக்ரோபர் கடைசியில் கற்சிலைமடுவில் வைத்து ஆங்கிலேயத் தளபதி வொன் டிறிபேர்க் தோற்கடித்தார்.

இந்தக் கடனை நாங்கள் வற்புறுத்தவில்லை. வழக்கம் இன்னும் மாறவில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறோம். இப்போது யானையே நேரில் வந்து, கதிர் முற்றுகிற இரவாகப் பார்த்து, வயலில் இறங்கித் தன் பங்கை வாங்கிக்கொண்டு போகிறது. அதற்கும் துண்டு தருவதில்லை.

இடைக்குறிப்பு: கடனாளியின் பூர்வீகம்

வங்கிக்காரர் கடன் தருமுன் ஆளின் பூர்வீகத்தை விசாரிப்பார். நாங்கள் கொடுத்து முடிந்தபிறகு விசாரித்தோம். கிடைத்தது இது.

வெள்ளைக்காரன் கரையோரத்தைப் பிடித்த மறுவருடமே, 1797இல், கிழக்கிந்தியக் கும்பனி போட்ட தென்னைமர வரியால் கலகம் வந்தது. அதில் படித்தது போதாமல் 1848இல் தேசாதிபதி ரொறிங்ரன் நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். அதே கையால் கோப்பித் தோட்டத் துரைமாரின் ஏற்றுமதித் தீர்வையைத் தளர்த்தினார். தோட்டக்காரனுக்கு நட்டம் வந்தால் நாய் வளர்ப்பவன் கட்ட வேண்டும்: உங்கள் கந்தோரின் பொருளாதாரக் கொள்கை முழுவதும் அந்த ஒரு வருடத்திலேயே எழுதி முடிந்துவிட்டது. மாத்தளையில் எழுந்தவர்களைச் சுட்டார்கள். புரன் அப்பு ஓகஸ்ட் மாதத்தில் கொல்லப்பட்டார். பிறகு நெல்வரி. கட்ட முடியாத வலப்பனைக் கமக்காரரின் வயலை ஏலத்தில் விற்றார்கள். லெ மெசூரியர் என்ற அரச அதிகாரியே அதை வெளியில் கொண்டுவந்தபிறகுதான், 1892இல், அந்த வரி போனது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. காசுப்பெட்டியின் திறப்பை மட்டும் தரவில்லை. அது நிதிச் செயலாளர் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் இடுப்பிலேயே தொங்கியது. ஹக்ஸ்ஹம் துரை பல வருடம் அதைக் காத்தார். 1947இல் நிதியமைச்சு வந்து திறப்பு ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் கைக்குப் போனது. 1953இல் அவர் 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12 அன்று நாடு எழுந்து நின்றதில் மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. பிரதமர் டட்லி பதவியை விட்டார். 1962இல் பங்கீட்டு அரிசியைக் குறைக்கப்போன பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் நிதியமைச்சை விட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் காசுப்பெட்டியில் பிழை செய்தவர் வீட்டுக்குப் போனார். இந்தக் காலத்தில் எங்கே போகிறார் என்பதற்கு உங்கள் கதிரையில் இருந்த பி. பி. ஜயசுந்தரவே சாட்சி. லங்கா மரைன் சேர்விசஸ் வழக்கில் 2008இல் உயர்நீதிமன்றம் அவருக்கு 5 இலட்சம் ரூபா தண்டம் விதித்தது. இனி அரச பதவி வகிக்கமாட்டேன் என்று சத்தியக்கடதாசி கொடுத்து விலகினார். அடுத்த வருடமே சத்தியத்திலிருந்து விடுதலை கிடைத்துப் பழைய கதிரைக்குத் திரும்பினார். 2019இல் ஜனாதிபதியின் செயலாளர். எங்கள் ஊரில் சங்கக்கடைக் கணக்கில் 500 ரூபா பிசகினால் மனேச்சர் ஊரைவிட்டே போகவேண்டும்.

இரண்டாம் கடன்: பற்றரி, மண்ணெண்ணெய், சவர்க்காரம்

1995 கடைசியில் யாழ்ப்பாணம் பெயர்ந்தது. 1996இல் கிளிநொச்சியும் பெயர்ந்தது. பெயர்ந்தவர்கள் வந்து நின்ற இடங்களில் ஒன்று மல்லாவி. கந்தோர்கள், பள்ளிக்கூடங்கள், கடைகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் கிடுகுக் கொட்டிலுக்குள் வந்து, சில வருடம் வன்னியின் தலைநகரே இதுதான் என்று சொல்லும்படி ஆனது.

அந்த நாளிலும் நீங்கள் சம்பளம் அனுப்பினீர்கள். ஆசிரியருக்கு, வைத்தியருக்கு, கச்சேரி உத்தியோகத்தருக்கு, மாதம் தவறினாலும் அனுப்பினீர்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில் வாங்கக்கூடிய சாமான்களை உங்கள் பக்கத்துக் கட்டடத்துக்காரர் தடைசெய்தார். பற்றரி தடை. சீமெந்து தடை. யூரியா தடை. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைத்தால் கொழும்பு விலையின் பலமடங்கு. உத்தியோகத்தருக்குப் புத்தம்புது நோட்டைக் கொடுத்துவிட்டு, வாங்க ஒன்றும் இல்லாத சந்தைக்கு அனுப்பிவைத்த திறைசேரி உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று உங்கள் ஆலோசகர் லசார்ட்டிடம் விசாரித்துப் பார்க்கவும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். அந்தப் பிள்ளைகள் சித்தியடைந்ததையும் நீங்கள் வரவில்தான் எழுதிக்கொண்டீர்கள்.

கதிரையில் எங்கள் ஆள் இருந்தால் கதை மாறியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரேமதாச காலத்தில் உங்கள் கதிரையில் இருந்தவர் ஆர். பாஸ்கரலிங்கம். வடக்குக்குப் பொருள்தடை வந்ததும் அந்தக் காலத்தில்தான். கதிரைக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. இருத்தியவனின் குரல் மட்டும் தெரியும்.

அதே காலத்தில் எங்களுக்கு இன்னொரு திறைசேரியும் இருந்தது. எங்கள் பெடியளான விடுதலைப் புலிகள் நடத்தியது. அதையும் சொல்லாவிட்டால் எங்கள் கணக்குப் பொய்க்கணக்கு. வீட்டுக்கு இரண்டு பவுண் வாங்கினார்கள். விளைச்சலில் வாங்கினார்கள், வியாபாரத்தில் வாங்கினார்கள். 2002 சமாதானத்தில் பாதை திறந்தபோது, கொழும்புத் துறைமுகத்தில் சுங்கம் கட்டிய அதே சாமான் ஓமந்தை தாண்டியதும் இன்னொரு தடவை ஆயம் கட்டியது. இரண்டு அரசுக்கும் ஒரே தேயிலைப் பைக்கற்றில் வரி கட்டிய பிரசைகள் நாங்கள். இரண்டுக்கும் விசுவாசமாய்க் கட்டினோம், இரண்டிடமும் சந்தேக நபராய் இருந்தோம். ஒன்று அழிந்தது. மற்றது கைவிரித்தது. இந்தச் சாதனையை எந்தப் பிணைமுறிக்காரனும் இன்னும் முறியடிக்கவில்லை.

மூன்றாம் கடன்: அடைவு நகை

இனிச் சிரித்துக்கொண்டு எழுத முடியாத இடம்.

பெடியள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் எங்கள் பெண்கள் நகை அடைவு வைத்தார்கள். விதைநெல்லுக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும் வைத்தார்கள். 2008 செப்ரெம்பரில் இராணுவம் மல்லாவிக்கு வந்தபோது ஊர் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்றை விட்டார்கள்: ஓட்டை, கதவை, மாட்டை, கடைசியில் ஆளை. பொலித்தீன் பைக்குள் சுற்றி நெஞ்சுக்குள் வைத்திருந்த அடைவுச் சிட்டையை மட்டும் பலர் விடவில்லை. பங்கருக்குள் ஈரம்பட்டு மை ஊறி, செட்டிகுளம் முகாமில் வெயிலில் காயவைத்து, இன்றைக்கும் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பவுணின் எடை வாசிக்கலாம். திகதி அழிந்துவிட்டது.

இறுதி யுத்தத்தில் அந்த நகைகளை இராணுவம் எடுத்தது. 2014 ஒக்ரோபரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, மகிந்த ராஜபக்ச கிளிநொச்சியில் மேடை போட்டுச் சிலருக்குத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களின் நகை திரும்பவும் இருட்டுக்குப் போனது. 2025 மே மாதம் இராணுவம் மீதியைப் பொலிசிடம் ஒப்படைத்தது. கமராவுக்கு முன்னால் சங்கிலியும் வளையலும் பைபையாக அடுக்கிவைக்கப்பட்டன. பதினாறு வருடம் இராணுவத்தின் கையிலிருந்த தங்கத்தின் சொந்தக்காரியிடம் இப்போது கேட்கிற கேள்வி: அம்மா, உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?

உங்கள் கந்தோரின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1884 மே மாதம் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டத் துரைமாரின் வங்கி. அதன் நோட்டுகள் கடதாசியாகப் போகவிருந்தன. தேசாதிபதி ஆதர் கோர்டன் லண்டனின் அனுமதிக்குக் காத்திராமல் அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்தார். துரைமாரின் கடதாசியைத் தங்கமாக்க உங்களுக்குச் சில நாள் போதும். எங்கள் தங்கத்தைக் கடதாசியாக்கப் பதினாறு வருடம் உழைத்திருக்கிறீர்கள்.

நான்காம் கடன்: டிசம்பர் காசு

வரவு செலவுத் திட்டம் என்று ஒரு பண்டிகை வருடாவருடம் வருகிறது. வடக்குக்கு ஒதுக்கீடு என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஒதுக்கியது வேறு, விட்டது வேறு என்பது கணக்குக் கிளையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கட்டுநிதி வரவில்லை, வரவில்லை என்று மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் கோப்பு தூங்கும். வன்னியில் மாரி தொடங்கும். மாரியோடு காசும் வரும். டிசம்பர் 31க்குள் செலவழித்து முடிக்காவிட்டால் மிச்சம் உங்களிடம் திரும்பிவிடும்.

ஆகவே வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடந்த றோட்டுக்கு, வெள்ளம் கணுக்காலுக்கு நிற்கும்போது கிறவல் கொட்டுகிறோம். லொறி ஒரு பக்கம் கொட்ட, தண்ணி மறுபக்கம் கொண்டுபோகும். குடை பிடித்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவுநாடாவை நனையாமல் பிடிப்பார். வவுச்சர் ஓடும். சிறாப்பர் மேசையில் விளக்கு இரவு வரைக்கும் எரியும். தைப்பொங்கலுக்கு றோட்டு பழையபடி. திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதிய பலகை மட்டும் பலமான சீமெந்துக் காலில் நிற்கும். அந்தச் சீமெந்தை றோட்டுக்குப் போட்டிருக்கலாம்.

செலவழிக்க முடியாமல் திரும்பிய காசைப் பற்றித் தெற்கில் ஒருவர் உடனே அறிக்கை விடுவார்: கொடுத்தோம், அவர்களுக்குச் செலவழிக்கத் தெரியவில்லை. காசைச் செலவழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அவர் சொல்லமாட்டார். 2013இல் நாங்கள் தெரிவுசெய்த வடமாகாண சபை ஒரு முதலமைச்சர் நிதியம் வைக்க ஆசைப்பட்டது. நியதிச்சட்டம் கொழும்பின் பார்வைக்குப் போய்க் கண்ணயர்ந்தது. 2018 ஒக்ரோபரில் சபையின் காலமே முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலும் இல்லை. இப்போது சபை இல்லாத மாகாணத்துக்குக் காசு விடாமல் இருப்பது உங்களுக்கு இன்னும் இலகு.

நெல்லிலும் இதே பஞ்சாங்கம்தான். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசு விலை சொன்னபோது அறுவடை தொடங்கியிருந்தது. அரசு விலை கடதாசியில் வரும். களஞ்சியக் கதவு திறக்கக் கொழும்பிலிருந்து காசு வரவேண்டும். வியாபாரியின் லொறிக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அது நேரே களத்துக்கு வரும். உரக்கடைக்காரன் வாசலில் நிற்கும்போது கமக்காரன் எந்த விலையை எடுப்பான்? 2021இல் இரவோடிரவாக இரசாயன உரத்தைத் தடைசெய்து எங்கள் வயலை மஞ்சளாக்கிய நட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது தனிக் கோப்பு.

ஐந்தாம் கடன்: நாள்தோறும் கட்டுவது

மல்லாவிக்காரர் வரி கட்டுவதில்லை என்று நினைப்பவர்களுக்காக இது.

ஒரு அம்மா சந்திக்கடைக்கு வருகிறா. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கதைக்க 100 ரூபா ரீலோட். போட்டதும் தொலைபேசி சிணுங்குகிறது. முழு நூறும் கதைக்க வராது, ஒரு பங்கு வரியாகப் போய்விட்டது. எந்தப் படிவமும் கேட்கவில்லை. விதானையாரின் கடிதம் கேட்கவில்லை. நேர்முகத் தேர்வு இல்லை. அவ கையை எடுக்குமுன்னே கொழும்பு எடுத்துக்கொண்டது. பெரும்பகுதி வரியை இப்படி மறைமுகமாகவே எடுக்கிற நாடு இது. வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். படையினர் றோட்டோரம் நடத்தும் கடையில் தேத்தண்ணி குடித்தாலும், அதில் போகும் சீனிக்கு வரி ஏற்கெனவே நாங்கள் கட்டியதுதான். போர் முடிந்து பதினாறாவது வருடத்திலும், 2025 வரவு செலவுத் திட்டத்தில், பாதுகாப்பு அமைச்சுக்கு 44 ஆயிரம் கோடி ரூபா ஒதுக்கினீர்களே, அதில் அந்த ரீலோட்டும் இருக்கிறது.

அதே அம்மா அஸ்வெசும உதவிப்பணம் கேட்டு விண்ணப்பித்தா. இப்போது திறைசேரிக்குக் கண் தெரியத் தொடங்கியது. 22 அளவுகோல். வீட்டுச் சுவர் கல்லா? கூரை ஓடா? மாதம் எத்தனை அலகு மின்சாரம்? மீள்குடியேறியபோது கிடைத்த வீட்டுத்திட்டக் காசு போதாமல், மிச்சத் தாலியையும் விற்றுக் கட்டிய கல்வீடு அது. கல்வீடு இருப்பதால் அவ வசதியானவ. மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன கிழமை.

வாங்கும்போது கண் மூடி, கொடுக்கும்போது கண்ணாடி போடுகிற இந்தக் கந்தோருக்கு ஒருவேளை பிறவியிலேயே பார்வைக்குறையோ என்று நாங்கள் இரங்கியிருப்போம். ஆனால் மற்றவர்களுக்கு நீங்கள் கொடுத்ததையும் பார்த்தோமே.

2015 பெப்ரவரி 27 அன்று 100 கோடி ரூபாவுக்குத் திறைசேரிப் பிணைமுறி ஏலம் என்று அறிவித்துவிட்டு 1,000 கோடிக்கு எடுத்தார்கள். ஏலம் நடத்தியது மத்திய வங்கி; ஆளுநர் அர்ஜுன மகேந்திரன்; பெரும்பங்கு அள்ளியது அவருடைய மருமகனோடு தொடர்புபட்ட கொம்பனி. 22 அளவுகோல் கேட்டவர் யார்? 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாக்கி, வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா புரட்டுபவர் பதியவேண்டும் என்றிருந்ததை 30 கோடியாக உயர்த்தினார்கள். அத்தனை வியாபாரிகளும் ஒரே இரவில் உங்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். யார் வீட்டுக் கூரையை ஏறிப் பார்த்தீர்கள்? 2020 ஒக்ரோபர் 13 அன்று சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த தீர்வை 25 சதமானது. கடையில் சீனி விலை இறங்கவில்லை. திறைசேரிக்கு வரவேண்டிய 1,500 கோடிக்கு மேல் யாருடைய தேத்தண்ணியில் கரைந்தது?

நிதிப் பிரமாணம் 104 என்று ஒன்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அரச சொத்துக்கு இழப்பு வந்தால் விசாரித்துப் பொறுப்பானவரிடம் அறவிட வேண்டும். மிக நல்ல பிரமாணம். பிரதேச செயலகத்தில் ஒரு கல்குலேற்றர் காணாமற்போனால் அது உயிர்த்தெழும். மூன்று பேர் கொண்ட குழு, வாக்குமூலம், சம்பளத்தில் கழிவு. நாடு காணாமற்போனபோது அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். 2023 நவம்பர் 14 அன்று உயர்நீதிமன்றம், பொருளாதாரத்தை வீழ்த்தியதில் கோத்தாபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும், உங்கள் கதிரையில் இருந்த ஜயசுந்தரவும் ஆட்டிகலவும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு இல்லை, மனுதாரருக்கு வழக்குச் செலவு 150,000 ரூபா. அதே வருடம், அந்தத் தீர்ப்புக்கு முன்னமே, உங்கள் கந்தோர் செய்த வேலை, தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்த பிணைமுறிகளுக்கு வட்டியைக் குறைத்தது. 12 வீதம், 2026க்குப் பிறகு 9 வீதம். சம்மதிக்காவிட்டால் நிதியத்தின் வரியை 14இலிருந்து 30 வீதமாக்குவோம் என்று சட்டமும் போட்டீர்கள். ரொத்சைல்ட் வைத்திருந்தவனிடம் பேச்சுவார்த்தை, மண்வெட்டி வைத்திருந்தவனிடம் மிரட்டல்.

விலை போடப்பட்ட ஒரு பொருள்

கடைசியாக ஒன்று. இதைக் கடன் கணக்கில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

2022 மார்ச்சில், நாட்டில் டொலர் முடிந்து பெற்றோல் வரிசை நீண்டுகொண்டிருந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று மந்திரிசபை முடிவெடுத்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017இலிருந்து றோட்டோரக் கொட்டகையில் இருந்த தாய்மாருக்கு. இராணுவத்திடம் கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு இலட்சம். பிணைமுறிக்காரர் 27 வீதக் கழிவுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பேரம் பேசினார்கள். எங்கள் தாய்மார் ஒரு சதம் கூட்டிக்கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டுவிட்டு, காசு வேண்டாம் என்றார்கள்.

காசு தருகிறோம் என்று நீங்களே வாசலுக்கு வந்து, வன்னி உங்கள் முகத்தில் கதவைச் சாத்திய சம்பவத்தை உங்கள் பேரேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதினீர்கள் என்று அறிய விரும்புகிறோம். மிச்சம் என்றா?

மறுசீரமைப்புக்கு எமது நிபந்தனைகள்

நாங்களும் பெரிய மனதுக்காரர். யானைக் கடனைத் தள்ளுபடி செய்கிறோம். பற்றரி, மண்ணெண்ணெய், சவர்க்காரத்துக்கு நாங்கள் கொடுத்த கூடுதல் விலையில் 27 வீதம் அல்ல, முழுவதையும் கழிக்கிறோம். நகையில் கழிவு கிடையாது: பவுணுக்குப் பவுண், மை அழிந்த சிட்டைக்கும். நெல் வாங்கும் காசு அறுவடைக்கு முன் வரவேண்டும், றோட்டுக் காசு மாரிக்கு முன் வரவேண்டும். இதற்குப் பெரிய பொருளியல் வேண்டாம், ஒரு கலண்டர் போதும். இல்லாவிட்டால் இங்கிருந்து ஒன்று அனுப்பிவைக்கிறோம்.

மிச்சமிருப்பது கணக்கு. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் தர ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 300 கோடி டொலர், அதுவும் தவணை தவணையாக. அதற்காக அவர்களின் ஆட்கள் விமானத்தில் வந்து உங்கள் பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். நீங்கள் கைகட்டி நின்று விளக்குகிறீர்கள். நாங்கள் கொடுப்பதற்குத் தவணையே இல்லை. நாள்தோறும் கொடுக்கிறோம், பிறந்த குழந்தையின் பால்மாவிலிருந்து கொடுக்கிறோம். அவர்களுக்குக் காட்டும் அதே பேரேட்டை மல்லாவிச் சந்தியில் விரியுங்கள். சிங்களத்தில் மட்டும் அல்ல, தமிழிலும் விரியுங்கள். யாருடைய கையெழுத்தில் எங்கள் காசு போனது என்று விரல்வைத்து வாசிக்க எங்களுக்குத் தெரியும்.

அந்தக் கையெழுத்துக்காரரிடம் அறவிட உங்களுக்குத் துணிவு இல்லையென்றால், எங்களிடம் அறவிட உங்களுக்கு உரிமையும் இல்லை.

இங்ஙனம்,
மல்லாவியின் வரியிறுப்பாளர்கள்